சுவர் ஜாக்கில் ஸ்விட்ச்: இருந்த இடத்திலிருந்தே அமைக்கலாம்

வீடு கட்டும்போது அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் என்று கணக்குப் போட்டு, சுவருக்குள் பைப்பில் இழுத்து விடுகிறோம். பிறகு அதே அறையில் டிவி, கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று மூன்று வந்து சேர்ந்தால் ஒற்றை ஜாக் போதாது. சிறிய ஸ்விட்ச் ஒன்றைத் தரையில் போட்டு, அதன் அடாப்டருக்கு பிளக் தேடுவோம். அந்த ஸ்விட்ச்சே ஜாக் இருக்கும் சுவர்ப் பெட்டியில் அமர்ந்து கொண்டால்?

இது புதிய யோசனை அல்ல. 3காம் நிறுவனம் 2000களிலேயே இன்டெல்லிஜாக் என்ற பெயரில் இத்தகைய ஸ்விட்ச்களை விற்றது. கட்டடம் முழுவதும் உள்ள ஜாக்குகளை ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அமைக்க சென்ட்ரல் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற சாஃப்ட்வேரையும் தந்தது. 2010ல் 3காமை எச்.பி. வாங்கிக் கொண்டது. இப்போது வை-பியும் சேர்ந்த சுவர் சாதனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. டிபி-லிங்க்கின் இஏபி235-வால் மாடலை உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். பின்புறம் ஒரு கேபிள் நுழையும். வெளியே மூன்று கிகாபிட் போர்ட்கள் கிடைக்கும். நம் ஊர் மாடுலர் பெட்டியில் திருகுத் துளை பொருந்துமா என்று வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

இதற்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே வருகிறது. இம்முறைக்கு பிஓஇ என்று பெயர். 2003ல் வந்த தரத்தில் ஒரு போர்ட்டிலிருந்து 15.4 வாட் வரை கிடைக்கும். 2009ல் வந்ததில் 30 வாட். ஜாக்கிலிருந்து ஐ.பி. போன் போன்ற இன்னொரு சாதனத்துக்கும் மின்சாரம் கொடுக்க விரும்பினால் 30 வாட் தரும் ஸ்விட்ச்சையே வாங்கவும்.

இனி சாஃப்ட்வேர். ஓமடா கன்ட்ரோலர் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். நிறுவியதும் நெட்வொர்க்கில் உள்ள ஜாக்குகளைத் தானே தேடி, பெண்டிங் என்று பட்டியலிடும். அடாப்ட் என்பதை கிளிக் செய்தால் அது உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கனெக்டட் என்று மாறும். முன்பே பாஸ்வேர்டு மாற்றப்பட்ட ஜாக்காக இருந்தால் அதைக் கேட்கும். பட்டியலில் எதுவுமே தெரியவில்லை என்றால் முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். யுடிபி 29810 போர்ட் அடைபட்டிருந்தால் ஜாக்கின் குரல் கன்ட்ரோலருக்குக் கேட்காது. கம்ப்யூட்டரும் ஜாக்கும் ஒரே சப்நெட்டில் இருப்பதும் அவசியம்.

இவ்வளவு எதற்கு, சாதாரண ஸ்விட்ச் போதாதா என்று கேட்கலாம். மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு, இன்டர்நெட்டையும் சேர்த்துக் கொடுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சாதாரண ஸ்விட்ச்சில் மாடியில் செருகும் லேப்டாப், கீழே உங்கள் சிசிடிவி ரெக்கார்டரின் லாகின் பக்கம் வரை வந்து விடும். இதைத் தடுக்கத்தான் வி-லேன். ஒரே கேபிளில் செல்லும் தகவல்களுக்குத் தனித்தனி எண் கொடுத்துப் பிரிக்கும் முறை இது. மாடி ஜாக்கின் போர்ட்டுக்கு 20 என்று கொடுத்தால் அங்கு செருகும் எதுவும் 20ம் எண்ணில் மட்டுமே இருக்கும்.

பலர் இத்துடன் நிறுத்தி விடுகிறார்கள், அது போதாது. ஓமடா ரவுட்டர்கள் ஒரு வி-லேனிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தாமாகத் தடுப்பதில்லை. 20லிருந்து உங்கள் நெட்வொர்க்குக்கு வருவதை மறுக்கும் ஏசிஎல் விதி ஒன்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் மாடியில் ஒரு லேப்டாப்பைச் செருகி, ரெக்கார்டர் திறக்கிறதா என்று சோதித்து விடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ரவுட்டரில் 20ஐ உருவாக்கவும். பின்னர் நடுவில் உள்ள ஸ்விட்ச்சில் அதற்கு வழி விடவும். ஜாக் கடைசியில்தான். தலைகீழாகச் செய்தால் மாடியில் நெட் நின்று போய், தவறு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கன்ட்ரோலர் ஜாக்குகளுடன் பேசும் மேனேஜ்மென்ட் வி-லேனை வீட்டில் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. வழி தயாராகும் முன் அதை மாற்றினால் ஜாக் கன்ட்ரோலரின் கண்ணிலிருந்து மறைந்து விடும். அந்த அறைக்கே போய் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டியதுதான்.

எல்லாம் அமைந்த பின் கம்ப்யூட்டரை அணைத்தாலும் ஜாக்குகள் அதே செட்டிங்கில் தொடர்ந்து இயங்கும். அணைக்கும் முன் பேக்கப் ஃபைலை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.