வண்டிப் பட்டையும் ஒரு விரற்கடையும்

மாட்டு வண்டியின் மரச்சக்கரத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் வளைந்த மரத்துண்டுகளான வட்டைகள், வெளியே ஓர் இரும்புப் பட்டை. இத்தனை துண்டுகளையும் பிரியாமல் இறுக்கிப் பிடித்திருப்பது அந்தப் பட்டைதான்.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கொல்லர் பட்டை கட்டுவதை வேடிக்கை பார்ப்பேன். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டிச் சுற்றளவைக் குறித்துக்கொள்வார். ஆனால் பட்டையை அதைவிடக் குறைவாகவே வெட்டுவார்.

"ஏன் தாத்தா, சின்னதா வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு விரற்கடை குறையணும் தம்பி. அப்பத்தான் பிடிக்கும்" என்றார்.

பட்டையை வளையமாக்கி, வறட்டிகளை அடுக்கித் தீ மூட்டுவார்கள். அது மங்கிய சிவப்பானதும் நான்கு பேர் குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் மாட்டுவார்கள். மரம் கருகிப் புகை எழும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது மூட்டுகள் 'படபட'வென்று இறுகும் ஓசை கேட்கும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். சக்கரத்தின் விட்டம் 150 செ.மீ. எனக் கொள்வோம், சுற்றளவு ஏறத்தாழ 471 செ.மீ. இரும்பின் நீள் விரிவுக் குணகம், ஒரு டிகிரி செல்சியசுக்கு 0.000012. வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால்,

471 × 0.000012 × 500 = 2.8 செ.மீ. (ஏறத்தாழ)

ஒரு விரற்கடை என்பது சுமார் 1.9 செ.மீ. ஆகவே சூடேறிய பட்டை, சுற்றளவில் ஏறத்தாழ 0.9 செ.மீ. தாராளமாகச் சக்கரத்தில் இறங்கும். இரண்டு விரற்கடை குறைத்திருந்தால்? 3.8 செ.மீ. தேவை, கிடைப்பதோ 2.8 செ.மீ. பட்டை ஏறவே ஏறாது! குறைக்காமலே விட்டால் ஆறிய பின்னும் பிடிக்காது. தூக்கி வருவதற்குள் பட்டை ஆறிவிட்டாலும் வேலை கெடும். அந்த நால்வரின் அவசரத்துக்குக் காரணம் இதுவே.

பந்துத் தாங்கியைச் சூடாக்கி அச்சில் பொருத்தும் இன்றைய பொறியாளர் கையாள்வதும் இதே முறைதான்.

அந்தக் கொல்லர் குணகம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. பல தலைமுறைகள் செய்து, தவறி, திருத்திக் கண்ட விடையே அந்த ஒரு விரற்கடை. ரப்பர் சக்கரங்கள் வந்தபின் எங்கள் ஊர் உலைக்களம் மூடப்பட்டது. அவர் அளவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது நான் கேட்ட ஒரே கேள்விக்கான விடை மட்டுமே.

உங்கள் ஊரில் கொல்லரோ, தச்சரோ, குயவரோ இருக்கிறார்களா? அவர்களிடம் 'எவ்வளவு?', 'ஏன்?' என்று கேளுங்கள். விடையைக் குறித்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.