பன்றி போட்ட பில்லு... கட்டுறது யாரு?

ஒரு சின்ன கற்பனை. உங்க ஊர் வழியா ரெண்டு ஆறு ஓடுது. ரெண்டுலயும் தண்ணி நிறைய போகுது. பஞ்சம்னு பேச்சே இல்லை. ஆனா திடீர்னு ஒரு நாள், 'யாரும் புல்வெளிக்குத் தண்ணி ஊத்தக்கூடாது'ன்னு தடை போடறாங்க. காரணம் கேட்டா, "தண்ணி இருக்கு சார், அதைச் சுத்தம் பண்ணி முடிக்கத்தான் எங்களால ஆகலை"ங்கறாங்க.

எப்படி இருக்கும் உங்களுக்கு?

இது கற்பனை இல்லை ஃப்ரெண்ட்ஸ். 2025 ஜூன் 12. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத் தலைநகரம் டி மாய்ன். அந்த நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்து சுமார் 6 லட்சம் பேருக்கு இந்த உத்தரவு போனது. ராக்கூன், டி மாய்ன் என்ற ரெண்டு ஆறுகளிலும் நைட்ரேட் அளவு எகிறிவிட்டது. அதைப் பிரிச்சு எடுக்கிற மெஷின்கள் முழு மூச்சில் ஓடியும் மூச்சு வாங்கின. அதனால்தான் 'கொஞ்சமா செலவு பண்ணுங்க' என்று மக்களிடம் கையேந்த வேண்டிய நிலை.

'அமெரிக்காக்காரன் புல்லு வாடினா எனக்கென்ன?'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இந்தக் கதையில் ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. தண்ணி கெட்டா பொறுப்பு யாரு? அந்தக் கேள்வியோட டி மாய்ன்காரங்க பல வருஷமா வாசல் வாசலா ஏறி இறங்கறாங்க.

வயலுக்கு அடியில ஒரு ரகசியம்

ஐயோவாவில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை ரெண்டே பயிர்தான். மக்காச்சோளம், சோயா. அந்தச் சோளத்தில் பாதிக்கு மேல் யாரும் சாப்பிடறதில்லை. எத்தனால் ஆகி, பெட்ரோலோடு கலந்து, கார் வயித்துக்குப் போகுது. மீதியில் பெரும்பகுதி கால்நடைத் தீவனம். மாநிலத்தில் மனுஷங்க சுமார் 32 லட்சம் பேர். பன்றிகள்? 2 கோடிக்கும் மேல! ஆளுக்கு ஏழு பன்றின்னு பிரிச்சுக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

பெரிய பெரிய ஷெட்டுகளில், ஆயிரக்கணக்கில் அடைச்சு வளர்க்கறாங்க. கீழே குழியில் சேர்கிற கழிவை வயலில் கொட்டுவாங்க. அது போக ரசாயன உரம் வேற. பயிர் எடுத்துக்கிட்டது போக மீதி நைட்ரஜன் நைட்ரேட்டா மாறி நிற்கும். நைட்ரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. மண்ணோடு ஒட்டாது, தண்ணியோடு ஓடும்.

எங்கே ஓடும்? அங்கேதான் அந்த ரகசியம். ஐயோவாவின் நல்ல விளைநிலம் நிறைய ஒரு காலத்தில் சதுப்பு நிலம். அதை உலர்த்த, வயலுக்கு அடியில் வடிகால் குழாய்களைப் புதைச்சாங்க. மழை பெய்தால் தண்ணி மண்ணில் இறங்கி, குழாயில் விழுந்து, வாய்க்காலுக்கு வந்து, நேரா ஆத்துக்குப் போயிடும். நைட்ரேட்டும் ஓசி டிக்கெட்ல கூடவே போயிடும்.

அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு, ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன். அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிச்சுப் போகும். 'நீலக் குழந்தை' நோய் என்றே பெயர். நம்ம இந்தியத் தரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நாம மொத்த நைட்ரேட்டாகக் கணக்கு போடறதால 45 மில்லிகிராம் என்று எழுதறோம்.

சட்டம் போட்ட விதிவிலக்கு

'இவ்வளவு பெரிய நாடு, சட்டம் இல்லையா?'ன்னு கேட்பீங்க. இருக்கு. 1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டம். ஃபேக்டரியில் இருந்து ஒரு குழாய் ஆத்துக்குள் நீட்டிக்கிட்டு இருந்தால் அதற்கு பெர்மிட் வேணும், அளவு மீறினால் அபராதம். ஆனா வயலில் இருந்து மழையோடு வழியும் தண்ணிக்கும், பாசனத்தில் இருந்து திரும்பும் தண்ணிக்கும் விலக்கு கொடுத்துட்டாங்க. 1977-லும் 1987-லும் திருத்தம் போட்டே அதைச் சட்டத்தில் எழுதினாங்க. ஃபேக்டரி கொட்டினால் குற்றம். வயலில் இருந்து வந்தால் இயற்கை!

மாநில அளவில் இன்னொரு கூத்து. 1995-ல் ஐயோவா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பன்றி ஷெட் எங்கே வரலாம், வரக்கூடாது என்று முடிவு பண்ணும் அதிகாரத்தை கவுன்ட்டிகளிடம் இருந்து பிடுங்கிக்கிட்டது. கவுன்ட்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஊர்க்காரங்க வேண்டாம்னு கையெழுத்து போட்டாலும், கவுன்ட்டி கை கட்டி நிற்க வேண்டியதுதான். 2013-ல் நைட்ரேட்டைக் குறைக்க மாநில அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. வயல்களைப் பொறுத்தவரை விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் விட்டுடலாம். எக்ஸாம் எழுதறதை நம்ம இஷ்டத்துக்கு விட்டா எத்தனை பேர் ஹாலுக்கு வருவோம்?

வாரியம் போட்ட கேஸ்

டி மாய்ன் குடிநீர் வாரியத்தின் தலைவராக இருந்தவர் பில் ஸ்டோ. 2015 மார்ச்சில் அவர் கோர்ட்டுக்குப் போனார். ராக்கூன் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சாக், கல்ஹூன், புவனா விஸ்டா என்ற மூணு கவுன்ட்டிகளின் வடிகால் அமைப்புகள் மேல் கேஸ். வாதம் சிம்பிள். "வயலுக்கு விலக்கு இருக்கலாம். ஆனா வாய்க்காலுக்குத் தண்ணி வர்றது குழாய் வழியாத்தானே? குழாய்னா பெர்மிட் எங்கே?"

அந்த வருஷம் மட்டும் வாரியத்தின் நைட்ரேட் நீக்கும் நிலையம் 177 நாள் ஓட வேண்டியிருந்தது. செலவு? குழாயைத் திறக்கிற ஒவ்வொரு வீட்டின் தண்ணி பில்லிலும் வந்து விழுந்தது.

மாநிலமே ரெண்டாப் பிரிஞ்சு நின்றது. 'நகரத்துக்காரன் விவசாயி மேல போர் தொடுக்கறான்' என்று கொந்தளிப்பு. வாரியத்தையே கலைக்க 2017-ல் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கூட வந்தது. நல்லவேளை, நிறைவேறவில்லை.

2017 மார்ச்சில் தீர்ப்பு. கேஸ் தள்ளுபடி. வாரியத்துக்குப் பாதிப்பு இருக்கலாம், ஆனா அதைச் சரிசெய்யும் அதிகாரமே வடிகால் அமைப்புகளுக்கு இல்லை, இது சட்டமன்றம் பார்க்க வேண்டிய விஷயம் என்றது கோர்ட்.

3,000 காப்பி பேப்பர் பண்ணின வேலை

இதுக்கு நடுவில் ஒரு ஹீரோ என்ட்ரி. புவனா விஸ்டா கவுன்ட்டியில் ஸ்டார்ம் லேக் என்று சுமார் 10,000 பேர் வாழும் சின்ன ஊர். அங்கே ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தின பேப்பர், 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்'. விற்பனை சுமார் 3,000 காப்பி. எடிட்டர் ஆர்ட் கல்லன். பேப்பரில் அண்ணன், மனைவி, மகன் என்று எல்லாரும் வேலை பார்த்தாங்க.

அவங்க கேட்டது ஒரே கேள்வி. "நம்ம கவுன்ட்டிக்காக வாதாடற வக்கீலுங்களுக்கு ஃபீஸ் கொடுக்கறது யாரு?" நோண்டினால், விவசாயத் தொழில் அமைப்புகள் மூலமாகப் பணம் வருது. கொடுத்தவங்க பேர் மட்டும் ரகசியம். அரசாங்க வழக்குக்கு முகம் தெரியாத ஆள் பணம் கட்டலாமா? விடாமல் எழுதினாங்க. கடைசியில் கவுன்ட்டிகள் அந்த நிதியோடு உறவை முறிச்சுக்கிட்டன. 2017-ல் அந்தத் தலையங்கங்களுக்கு புலிட்சர் பரிசு கிடைச்சது.

கவனிங்க. கேஸ் போட்டது நகரத்து வாரியம். கல்லன் இருந்தது கேஸில் சிக்கின ஊரில். விளம்பரமும் சந்தாவும் வர்றது அதே விவசாயிகள் கிட்ட இருந்து. அப்படியும் கேட்டார்.

அங்கே போ, இங்கே போ

சரி, கோர்ட் சொன்னபடி சட்டமன்றம் ஏதாவது பண்ணியதா? மக்கள் அதற்கு முன்பே வழி காட்டியிருந்தாங்க. 2010-ல் நடந்த வாக்கெடுப்பில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள், தண்ணிக்கும் மண்ணுக்கும் தனி நிதி வேணும் என்று ஓட்டு போட்டாங்க. அடுத்த முறை விற்பனை வரி ஏறும்போது அதில் ஒரு பங்கு இதற்கு வரணும் என்பது ஏற்பாடு. வரியை ஏற்றவே இல்லை. பதினைந்து வருஷம் கழிச்சு 2025-லும் உண்டியல் காலி!

மறுபடி கோர்ட். 'ஆறு மக்கள் சொத்து, அதைக் காப்பாத்தறது அரசின் கடமை' என்று ரெண்டு பொதுநல அமைப்புகள் போட்ட வழக்கை 2021 ஜூனில் ஐயோவா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. சொன்ன காரணம், இது அரசியல் கேள்வி, கோர்ட் பதில் சொல்ல முடியாது.

2023-ல் இன்னொரு திருப்பம். ஆறுகளில் நைட்ரேட்டை அளக்கிற சென்சார்களுக்குப் போய்க்கிட்டிருந்த பணத்தில் 5 லட்சம் டாலரை சட்டமன்றம் வேறு பக்கம் திருப்பிவிட்டது. காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடற வைத்தியம்!

அப்போ விவசாயிதான் வில்லனா?

அவசரப்படாதீங்க. ஒப்பந்த முறையில் வளர்க்கிற பல பண்ணைகளில் பன்றி கம்பெனியோடது. ஷெட் கடனும் சாணமும் மட்டும்தான் விவசாயியோடது. லாபம் மேலே போகுது, கழிவு கீழே தங்குது. பெட்ரோலில் எத்தனால் கலக்கணும் என்று 2005-லும் 2007-லும் சட்டம் போட்டது அமெரிக்க அரசு. சோளம் போடு, இன்னும் போடு என்று சொன்னதே அவங்கதான். ஜனாதிபதி ஆக ஆசைப்பட்டு ஐயோவாவுக்கு வந்த வேட்பாளர்களில் பெரும்பாலானவர்கள் எத்தனாலுக்கு ஜே போட்டுத்தான் போனாங்க.

தீர்வு தெரியாமலும் இல்லை. அறுவடைக்கு அப்புறம் மண்ணை வெறுமனே விடாமல் மூடுபயிர் போடலாம். வடிகால் தண்ணியை ஆத்துக்கு முன்னாடி ஒரு சதுப்பில் நிறுத்தி வைக்கலாம். எல்லாம் ஆராய்ச்சியில் நிரூபிச்சது. இல்லாதது செய்ய வைக்கிற சட்டமும் பணமும்.

அந்த ஆறுகள் மிசிசிப்பியில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகுது. அங்கே கோடைக்குக் கோடை ஆக்சிஜன் இல்லாமல் ஒரு கடல்பகுதியே செத்துப் போகும். 2017-ல் அதன் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். 2015-க்குள் 5,000-க்குக் குறைப்போம் என்று முதலில் சொன்னாங்க. இப்போ 2035 என்கிறாங்க. அரியர் வெச்சவன் கூட இவ்வளவு செமஸ்டர் தள்ளிப் போடமாட்டான்!

உங்க கிட்ட ஒரு வார்த்தை

வாரியம் கவுன்ட்டியைக் காட்டுது. கவுன்ட்டி சட்டமன்றத்தைக் காட்டுது. கோர்ட்டும் சட்டமன்றத்தையே காட்டுது. சட்டமன்றம் விவசாயியின் விருப்பத்தைக் காட்டுது. பில் மட்டும் குழாயடியில் நிற்கிற அம்மா கைக்கு வருது.

'அரசியல் கேள்வி' என்று ஐயோவா நீதிபதிகள் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை படிங்க. அரசியல் கேள்விக்குப் பதில் வாங்க ஒரே இடம்தான் இருக்கு. ஓட்டுப் பெட்டி. நம்ம நாட்டிலும் யூரியா விலையை முடிவு பண்றது அரசுதான். தண்ணியைச் சோதிக்க வேண்டியதும் அரசுதான். ஹாஸ்டலில் இருபது லிட்டர் கேன் வாங்கிக்கிட்டு நிம்மதியா இருக்கறோமே, ஊர்க் குழாய்த் தண்ணியில நைட்ரேட் எவ்வளவுன்னு நமக்குத் தெரியுமா?

தெரியலைன்னா, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போடுங்க. முதல் ஓட்டு போடப் போறவங்க, வாசலுக்கு வர்ற வேட்பாளர் கிட்ட அதையே கேளுங்க. 3,000 காப்பி பேப்பரால கேட்க முடிஞ்ச கேள்வியை, 3,000 பேர் படிக்கிற காலேஜால கேட்க முடியாதா என்ன?