வெள்ளி நானோ துகள்களும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளும்: கூட்டு விளைவை உறுதிசெய்யும் முறை

முன்னுரை

மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா ஆய்வில் 2010ஆம் ஆண்டு தமிழகத்திற்கு இருவகையில் குறிப்பிடத்தக்கது. கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையிலிருந்து மட்டும் 44 பெறப்பட்டதாக 'லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழ் அவ்வாண்டு வெளியிட்டது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ட்ரைக்கோடெர்மா விரிடி பூஞ்சையால் உருவாக்கிய வெள்ளி நானோ துகள்களை ஆம்பிசிலின், கனமைசின், எரித்ரோமைசின், குளோராம்பெனிகால் ஆகியவற்றுடன் சேர்த்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஆம்பிசிலினின் திறனே மிகுதியாக உயர்ந்தது. இத்தகைய முடிவுகளை மதிப்பிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டு முறையின் வரம்பு

நம் ஆய்வகங்களில் பெரிதும் கையாளப்படுவது அகார் வட்டு முறையாகும். துகள்களைச் சேர்த்தபின் தடுப்பு வளையம் விரிந்தால் அதனைக் கூட்டு விளைவு எனக் குறித்துவிடுகிறோம். ஆனால், இரு பொருள்களும் தனித்தனியே செயல்பட்டாலும் வளையம் விரியக்கூடும். மேலும், துகள்கள் அகாரில் எளிதில் பரவுவதில்லை. ஆகவே வளைய அளவு தொடக்கக் குறிப்பாக மட்டுமே அமையும்.

சதுரங்கக் கட்ட முறை

96 குழித் தட்டில் மருந்தின் செறிவு ஒரு திசையிலும் துகள்களின் செறிவு மறுதிசையிலும் பாதி பாதியாகக் குறைக்கப்படும். ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் பாக்டீரியாக்கள் இடப்படும். தனித்த நிலையில் வளர்ச்சியைத் தடுக்க மருந்து 64, துகள்கள் 32 மைக்ரோகிராம்/மி.லி. தேவை எனக் கொள்வோம். இணைந்த நிலையில் முறையே 16, 4 போதுமெனில், 16/64 + 4/32 = 0.375 ஆகும். இக்குறியீட்டெண் 0.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் கூட்டு விளைவு. 4ஐ விட மிகின் எதிர்விளைவு. இடைப்பட்டதைக் கூட்டு விளைவாகக் கொள்ளலாகாது. 32, 16 தேவைப்பட்டிருப்பின் குறியீட்டெண் 1 ஆகியிருக்கும். வட்டு முறையிலோ அதுவும் வெற்றியாகவே தோன்றியிருக்கும்.

கட்டுப்பாட்டுச் சோதனைகள்

தாவரச் சாற்றால் உருவாக்கிய துகள்களுடன் எஞ்சிய வெள்ளி அயனிகளும் சாற்றின் வேதிப்பொருள்களும் கலந்திருக்கலாம். எனவே துகள்களை மையவிலக்கு முறையில் கழுவுதலும், சாறு, வெள்ளி நைட்ரேட் ஆகியவற்றைத் தனியே சோதித்தலும் இன்றியமையாதவை. வளர்ப்பு ஊடகத்தின் குளோரைடு வெள்ளி அயனிகளைப் பிணைக்கும் என்பதால் ஊடகத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும். துகள்களின் நிறம் கலங்கலை மறைக்குமாயின், குழிநீரை அகாரில் பரப்பி உயிருள்ள பாக்டீரியாக்களை எண்ணுதல் தகும்.

முடிவுரை

வெள்ளிக்கும் எதிர்ப்பு தோன்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தீக்காயப் பிரிவொன்றில் வெள்ளியை எதிர்த்த சால்மோனெல்லா 1975இலேயே பதிவாகியுள்ளது. கூட்டு விளைவு உண்மையெனில் இரண்டின் அளவையும் குறைக்க வழி பிறக்கும். பொய்யெனில், மருந்துகள் பயனற்றுவரும் காலத்தில் இல்லாத தீர்வொன்றை இருப்பதாக எழுதியவராவோம். எனவே வளைய அளவோடு குறியீட்டெண்ணையும் கட்டுப்பாட்டு முடிவுகளையும் ஆய்வேடுகளில் பதிவுசெய்தல் நம் கடமையாகும்.