பாபின் ஏன் இத்தனை சிறியது?

மாணவ நண்பர்களே! உங்கள் சட்டையின் விளிம்பைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். மேற்பக்கத்தில் ஒரு நூல் ஓடுகிறது. அடிப்பக்கத்தில் வேறொரு நூல். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. இதில் என்ன புதுமை என்கிறீர்களா? பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, புதியம்புத்தூருக்குப் போகும் வரை.

தெருவே கண்காட்சி

புதியம்புத்தூர் தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ளது. சுற்றிலும் கரிசல் காடு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளையும் பூமி. ஊருக்குள் நுழைந்தாலோ காதில் விழுவது தையல் எந்திரத்தின் ஓசை. ஆயத்த ஆடைத் தொழிலால் ‘குட்டித் திருப்பூர்’ என்று அழைக்கப்படும் ஊர் இது. நகரங்களில் தையற்கலைக் கண்காட்சிக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே தெருவே கண்காட்சி. ஒரு வீட்டில் துணி வெட்டுகிறார்கள். அடுத்த வீட்டில் தைக்கிறார்கள். எதிர்த் திண்ணையில் பொத்தான் வைத்து, பிசிறு நூலைக் கத்தரித்து, மடித்து அடுக்குகிறார்கள்.

தங்கை மகளுக்குப் பாவாடை வாங்கப் போனவன், ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே ஓர் அம்மையார் தைத்துக்கொண்டிருந்தார். அருகில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், மடியில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் இயற்பியல் ஆசிரியன் என்று தெரிந்ததும், “எனக்குப் பிசிக்ஸ் மட்டும் வரவே வராது சார்” என்றாள். பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டாள்.

“மேல இருக்கிற நூல்கண்டு இவ்வளவு பெரிசா இருக்கு. கீழ இருக்கிற பாபின் மட்டும் ஏன் சார் இத்தனூண்டு? அஞ்சு பாவாடை தைக்கதுக்குள்ள தீந்துபோகுது. பெரிய பாபினா வச்சா என்ன?”

இது விளையாட்டுக் கேள்வி அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாபினில் 40 மீட்டர் நூல் இருக்கிறது, ஒரு பாவாடைக்கு 8 மீட்டர் தையல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாபினுக்கு ஏறத்தாழ 5 பாவாடை. நாளொன்றுக்கு 60 பாவாடை தைத்தால் 12 முறை பாபின் தீரும். நூலைச் சுற்றி மாட்ட ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் என்றால் 24 நிமிடம் போயிற்று. அதற்குள் 3 பாவாடை தைத்திருக்கலாம். கூலியோ உருப்படிக்கு இவ்வளவு என்றுதான். பாபின் மாற்றும் நேரத்திற்குக் கூலி கிடையாது. அந்த நேரத்தை மிச்சப்படுத்தவே மகள் முன்கூட்டிச் சுற்றி வைக்கிறாள். அதாவது, தாயின் நேரத்துக்காகத் தன் படிப்பு நேரத்தைக் கொடுக்கிறாள்.

“கீழே இடம் போதாது போலிருக்கிறது” என்றேன். தாயார் சிரித்தார். “இடமெல்லாம் இருக்கு சார். காட்டுதேன், பாருங்க” என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, அடித்தகட்டைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார்.

கண்ணி விழும் விதம்

கையால் தைக்கும்போது ஊசி முழுவதுமாகத் துணிக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. நூலின் நுனியும் உடன் வருகிறது. எந்திர ஊசி அப்படியன்று. அதன் காது கூர்முனைக்கு அருகிலேயே இருக்கிறது. நூலோடு துணிக்குள் இறங்கி, வந்த வழியே ஏறிவிடுகிறது. அப்படியானால் அடிநூலோடு அது எங்கே, எப்படிப் பிணைகிறது?

எந்திர ஊசியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து காதுவரை நீண்ட பள்ளம் இருக்கும். அப்பக்கத்து நூல் பள்ளத்திற்குள் பதுங்கித் தடையின்றி நழுவும். மறுபக்கத்து நூலோ துணியோடு உராய்கிறது. ஊசி அடிமட்டத்தைத் தொட்டு 2 மில்லிமீட்டர் அளவு மேலே ஏறும்போது, உராய்வு அந்த நூலை ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாத நூல் பக்கவாட்டில் பிதுங்கி ஒரு சிறு கண்ணியாகிறது. சரியாக அந்தக் கணத்தில் ஒரு கொக்கி வந்து கண்ணியைப் பற்றிக்கொள்கிறது. ஒருமுறை வீட்டு எந்திரத்தில் ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டு, ஒரு தையல்கூட விழாமல் நான் விழித்தது உண்டு. கண்ணி கொக்கி இல்லாத பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது!

பற்றிய கண்ணியைக் கொக்கி என்ன செய்கிறது? அதை அகல விரித்து, பாபின் முழுவதையும் சுற்றிப் போட்டுவிடுகிறது! பிறகு மேலே உள்ள நெம்புகோல் கண்ணியை இழுத்து இறுக்க, அடிநூல் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. இதுவே பூட்டுத் தையல்.

தீப்பெட்டிச் சோதனை

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் காலித் தீப்பெட்டியின்மேல் சுற்றி ஒட்டிவிடுங்கள். இது பாபின். இன்னொரு கயிற்றின் இரு முனைகளையும் நாற்காலிக் கால்களில் கட்டுங்கள். இது மேல்நூல். அதன் நடுப்பகுதியைக் கண்ணியாக மடித்து, தீப்பெட்டியை அதற்குள் நுழைத்து எடுங்கள். இரு கயிறுகளும் பிணைந்துவிட்டன அல்லவா? இப்போது தீப்பெட்டியை வேறொரு கயிற்றால் மேசைக் காலில் கட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். கண்ணி அந்தக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவேதான் பாபினும் அதன் உறையும் எந்திரத்தோடு இறுக்கப்படாமல் தளர்வாக அமர்ந்திருக்கின்றன. நூல் நழுவிச் செல்ல எங்கும் இடைவெளி உண்டு.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மேல்நூல்கண்டு எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்; அதை எதுவும் சுற்றி வரவேண்டியதில்லை. பாபினையோ ஒவ்வொரு தையலிலும் ஒரு கண்ணி சுற்றி வரவேண்டும். பாபினின் அகலத்தை மாற்றாமல் விட்டத்தை இரு மடங்காக்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு நூல் பிடிக்கும். ஆனால் கண்ணியும் இரு மடங்கு நீள வேண்டும். தையலில் அமர்வதற்கு முன்பே மேல்நூல் ஊசிக்காதின் வழியே பலமுறை முன்னும் பின்னும் உராய்ந்து போய்வருகிறது. கண்ணி நீண்டால் இன்னும் தேயும். மேலும், இந்த வகை எந்திரத்தில் கொக்கி ஒவ்வொரு தையலுக்கும் முன்னே ஓடித் திரும்பி வருகிறது. நிமிடத்திற்கு 1,000 தையல் என்றால் விநாடிக்குப் பதினாறு முறைக்கு மேல்! வட்டு ஒன்றின் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் இரு மடங்கானால், அதைச் சுழற்றித் திருப்புவதற்கு எதிரான தடை, அதாவது நிலைமத் திருப்புத்திறன், 16 மடங்காகிறது. பெரிய பாபின் உள்ள எந்திரங்களும் உண்டு. அவை தோல், தார்ப்பாய் முதலிய தடித்த பொருள்களை மெதுவாகத் தைப்பவை.

பாபின் இல்லாமல் தைக்க முடியாதா?

முடியும். பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற எந்திரம் ஒரே நூலால் சங்கிலித் தையல் போட்டது. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் அடுத்தது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பதும் இப்படித்தான். சரியான முனையை இழுத்தால் சரசரவென்று முழுவதும் அவிழ்ந்துவிடும்! கம்பளி நூலால் பின்னிய குழந்தைத் தொப்பியும், திருப்பூர்ப் பனியனும் இதே குடும்பம். கண்ணிகள் உருமாறி நீள்வதால் அவை உடலோடு இழுபட்டுக் கொடுக்கின்றன. ஆனால் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதன்கீழ் உள்ளவை வரிசையாகக் கழன்றுவிடும்.

அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தில், தறியில் உள்ளதைப் போன்ற ஒரு நாடா அடிநூலோடு கண்ணிக்குள் புகுந்து சென்றது. 1851இல் ஆலன் வில்சன் நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் கொக்கியைக் கொண்டுவந்தார். பூட்டுத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல்கள் எளிதில் அவிழா. அந்த உறுதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் சிறிய பாபின். பெரிய தொழிற்சாலைகளுக்குப் பாபினைத் தானே மாற்றும் கருவிகள் வந்துள்ளன. அவையும் பாபினை ஒழித்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் மாணவி சற்று யோசித்தாள். “அப்ப பாபினைப் பெரிசாக்காம, நூலை மெல்லிசாக்கினா நிறையப் பிடிக்குமே சார்?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நூலின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே பாபினில் நான்கு மடங்கு நீளம் பிடிக்கும். ஆனால் நூலின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கில் ஒரு பங்காகிவிடும். அதே தடிமனில் அதிக வலிமையுள்ள பொருள் கிடைத்தால்தான் தப்பலாம். “பருத்தி நூல் போட்ட காலத்துல இதைவிடச் சீக்கிரமா தீரும் சார். பாலியஸ்டர் நூல் மெல்லிசு, அறுந்தும் போகாது” என்றார் தாயார், சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே.

உராய்வு, நிலைமம், பொருள்களின் வலிமை என்று மூன்று பாடங்களை இரண்டே கேள்விகளில் தொட்டுவிட்டாய் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் பாபினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுவா சார் பிசிக்ஸ்?”

நண்பர்களே! பாபின் தீரப்போகிறது என்பதைத் தைப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க, செலவு குறைந்த ஒரு வழி உங்களுக்குத் தோன்றுகிறதா? யோசித்துப் பாருங்கள். ஒரு மாணவிக்குப் படிக்கும் நேரம் சிறிது மிச்சமாகும்.