சாமான் எந்தத் தட்டில்?

இணுவிலில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஸ்டோர், முன்னர் புகையிலை அடுக்கி வைத்த கட்டிடம். கொழும்பிலிருந்து வரும் லொறி விடியற்புறத்தில்தான் வந்து சேரும். நித்திரைத் தூக்கத்தில் கண்ட இடத்தில் பெட்டிகளை இறக்கிவிடுவோம். எது எங்கே என்பது ஸ்டோர் தம்பிக்குத் தெரியும். பதினொரு வருடமாக அவருடைய தலைதான் எங்கள் பேரேடு.

அவர் கட்டாருக்குப் போய்விட்டார். பிஸ்கட் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் புதிதாக ஓடர் கொடுத்தேன். சில மாதம் கழித்து, சோப் பெட்டிகளுக்குப் பின்னால் நாற்பத்தாறு பெட்டி பிஸ்கட் அகப்பட்டது. எல்லாம் திகதி முடிந்தவை. அவற்றை விற்பது சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் கூடாது. குழி வெட்டிப் புதைத்தோம். தவறு முழுக்க என்னுடையது.

அதன் பிறகுதான் வெளிநாட்டுக் களஞ்சியங்கள் எப்படி இயங்குகின்றன என்று தேடிப் பார்த்தேன். அமேசன் நிறுவனம் 2012 இல் 'கீவா' என்ற ரொபோக் கம்பனியை 77 கோடி 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது. இந்த ரொபோ தட்டையான, சக்கரம் பூட்டிய பெட்டி போன்றது. றாக்கைக்குக் கீழே புகுந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வரும். ஆள் சாமானைத் தேடி நடப்பதில்லை. வாங்கிய பின் அமேசன் அந்த ரொபோவை மற்ற வியாபாரிகளுக்கு விற்பதை நிறுத்திவிட்டது. போட்டியாளர்கள் வேறு தயாரிப்பாளரைத் தேட வேண்டியதாயிற்று. களஞ்சிய இயந்திரம் கூலியை மிச்சப்படுத்தும் சாதனம் மட்டுமல்ல, வியாபாரப் போட்டியில் ஆயுதமும்தான் என்பது இதில் தெரிகிறது. தனது 10 இலட்சமாவது ரொபோவை 2025 இல் இறக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது.

அங்கே ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அந்த றாக்கைகளில் சோப் ஒரு பக்கம், பிஸ்கட் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதில்லை. இடம் இருக்கும் தட்டில் வைக்கிறார்கள். என் ஸ்டோரைப் போலத்தான்! ஆனால் வைத்த கணமே சாமானின் பார்கோடும் தட்டின் இலக்கமும் கணினியில் பதிவாகிவிடுகின்றன. எங்களிடம் இல்லாதது அந்தப் பதிவுதான்.

ரொபோ எங்களுக்குச் சரிவராது. நாளுக்கு ஆயிரக்கணக்கான ஓடர் வரும் இடத்தில்தான் அந்தச் செலவு கட்டும். 2022 இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு அனுபவித்தவர்கள் நாங்கள். வசதியுள்ள நாட்டிலும் சிக்கல் உண்டு. 2021 ஜூலையில் லண்டன் எரித் பகுதியிலுள்ள ஒகாடோ களஞ்சியத்தில் மூன்று ரொபோக்கள் மோதித் தீப்பிடித்தது.

ஆனால் சும்மா இருக்கவும் முடியாது. கொழும்புத் துறைமுகத்தில் தன்னியக்க முறையிலான மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. கப்பலில் மிச்சமாகும் நேரத்தை நாங்கள் ஸ்டோரில் பெட்டி தேடித் தொலைக்கலாமா?

நான் செய்தது சிறிய வேலை. ஒவ்வொரு தட்டுக்கும் இலக்கம் எழுதினேன். பெட்டி உள்ளே வரும்போது கைத்தொலைபேசிக் கமராவால் பார்கோடை வாசித்து, தட்டிலக்கத்தைப் பதிகிறோம். பலர் நினைப்பது போல, கடைச் சாமானில் இருக்கும் சாதாரண பார்கோடில் காலாவதித் திகதி இல்லை. அதில் இருப்பது பொருளின் இலக்கம் மட்டுமே. திகதியைக் கையால்தான் பதிய வேண்டும். (479 என்று தொடங்கினால் இலங்கையில் பதிந்த கம்பனியின் இலக்கம் என்று அர்த்தம். பொருள் இங்கேதான் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை.) முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகிறது. கரண்ட் போனாலும் வேலை நடக்க, மாலையில் இருப்புப் பட்டியலைக் கடதாசியில் அச்சடித்து வைக்கிறோம்.

நாட்டாமிமார் யாரையும் நிறுத்தவில்லை. பாரம் தூக்க இன்னும் அவர்கள்தான் வேண்டும். ஸகாத்துக்காக இருப்பைக் கணக்கெடுக்க முன்னர் இரண்டு நாள் கடை பூட்டுவோம். இம்முறை ஒரே இரவில் முடிந்தது.

ஒரு குறை இருக்கிறது. அவசரத்தில் பெட்டியை எடுப்பவர் பதிய மறந்துவிடுகிறார். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் ஒரு றாக்கையை மட்டும் எண்ணி, பதிவோடு ஒப்பிடுகிறேன். போன கிழமை தேங்காய்ப்பால் மாவில் மூன்று பெட்டி குறைந்தது. "நானா, அது சாவகச்சேரிக் கடைக்குப் போயிருக்கும்" என்கிறார் புதிய தம்பி. பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.