நுவரெலியாவில் வளைய மறுக்கும் பந்து

கொழும்பில் மூன்று மீற்றர் வளைந்து கோலுக்குள் நுழையும் ப்ரீ கிக், நுவரெலியாவில் அதே காலால் அதே வேகத்தில் அடித்தால் இரண்டரை மீற்றர்தான் வளையும். கம்பத்துக்கு உள்ளே போகவேண்டிய பந்து வெளியே போக அந்த அரை மீற்றர் தாராளம்.

நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சுழன்றுகொண்டு போகும் பந்து காற்றை ஒரு பக்கம் ஒதுக்க, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. இதுதான் மக்னஸ் விளைவு. காற்று ஐதானால் தள்ளும் விசையும் குறையும். பந்தை இழுத்துப் பிடிக்கும் தடையும் அப்படியே குறையும். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பந்தைக் கொழும்புக் காற்று அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசையால் பின்னிழுக்கிறது. மலையில் அந்தப் பிடி தளர்வதால் பந்து சற்று விரைவாகவே வந்து சேரும். பாவம், கோல் காப்பாளர்.

இதில் குளிருக்கும் ஒரு பங்குண்டு. குளிர்ந்த காற்று நெருக்கமானது. அதனால் அமுக்கம் 20 சதவீதம் குறைந்தாலும் அடர்த்தி ஏறத்தாழ 17 சதவீதம்தான் குறைகிறது. நுவரெலியாவைவிடச் சுமார் 600 மீற்றர் தாழ்ந்த ஹட்டனில் அந்தக் குறைவு 12 சதவீதம் அளவில் நிற்கும்.

நுரையீரலுக்குக் குளிர் இந்தச் சலுகையைத் தருவதில்லை. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஒட்சிசன் ஐந்தில் ஒன்று குறைவு. ஓடிக் களைத்தவன் மறுபடி ஓடத் தயாராக நேரம் பிடிக்கும். தென்னமெரிக்காவின் 1,460 சர்வதேச ஆட்டங்களை அலசிய ஆய்வாளர் பட்ரிக் மக்ஷாரி, 1,000 மீற்றர் உயர வித்தியாசத்துக்கு மேட்டு அணிக்கு ஏறத்தாழ அரை கோல் கூடுதலாகக் கிடைப்பதாக 2007இல் எழுதினார். ஆண்டீஸ் கணக்கை அப்படியே ஹட்டனுக்குப் பொருத்த எனக்கு மனமில்லை. அங்கே பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

மலையகப் பையன்கள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளுக்குக் கொழும்புக்கு இறங்கும்போது கதை தலைகீழாகிறது. ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் புழுக்கம் அதைப் பறித்துவிடும். வியர்வை காயாத காற்றில், உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திரும்ப, தசைக்குப் போவது குறைகிறது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஆட்டத்துக்கு முதல்நாள் பஸ்ஸில் வந்து இறங்கும் அணிக்கு அது ஏது? உயரத்தைவிட இதுதான் பெரிய இடைஞ்சல் என்பேன்.

போதாததற்கு, மலையில் சமதரை மைதானமும் அரிது. ஹட்டன் டன்பார் மைதானம், நோர்வூட் மைதானம் என்று சில உண்டு. மற்றப்படி தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம்தான். தேயிலைக்குள் உருண்ட பந்தை எடுக்க ஒருவன் கானுக்குள் இறங்கினால் ஆட்டம் அதோடு நின்றுவிடும். அங்கே நீளப் பந்து அடித்துப் பழக வழியில்லை. குறும்பந்தாகக் கொடுத்து ஆடத்தான் கால் பழகும்.

கொழும்புக்குப் போகும்போது பம்பை மறக்கக்கூடாது. விதிப்படி பந்தின் அமுக்கம் 0.6க்கும் 1.1 வளிமண்டலத்துக்கும் இடையில் இருக்கவேண்டும். நுவரெலியாவில் 0.7க்குக் காற்றடித்த பந்து, கொழும்பில் வெளிக்காற்று அழுத்துவதால், வெப்பத்தில் சற்று விரிந்துங்கூட 0.56க்கு இறங்கிவிடும்.