ஸ்டாக்ஃபிஷ் - செஸ்பேஸ் வழக்கு

ஸ்டாக்ஃபிஷ் - செஸ்பேஸ் வழக்கு என்பது, ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்க மென்பொருளை உருவாக்கிய நிரலாளர்கள், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் இயங்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது 2021 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு ஆகும். முதலிடம் பெற்ற புதிய ஆட்டக்காரர் என விளம்பரம் செய்து விற்கப்பட்ட ஒரு மென்பொருளின் ஆட்ட வலு எங்கிருந்து வந்தது என்பதே இச்சர்ச்சைக்கு அடிப்படை. இவ்வழக்கு 2022 நவம்பரில் உடன்பாட்டில் முடிவடைந்தது.

பின்னணி

சதுரங்க நிலையை ஆராய்ந்து சிறந்த நகர்த்தலைக் கண்டறியும் நிரல் சதுரங்கப் பொறி எனப்படும். நோர்வேயைச் சேர்ந்த டூர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய குளோரங் என்னும் பொறியிலிருந்து 2008 இல் ஸ்டாக்ஃபிஷ் உருவானது. இது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இதனை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விலைக்கும் விற்கலாம். ஆனால் விற்பவர், வாங்குபவருக்கு மூலநிரலை வழங்குவதுடன் அவருக்குள்ள உரிமைகளையும் அறிவித்தல் வேண்டும்.

ஒரு பொறியில் இரு முக்கிய பகுதிகள் உள்ளன. ஒன்று, நகர்த்தல்களை ஆழமாகத் தேடும் பகுதி. மற்றொன்று, கிடைத்த நிலை யாருக்குச் சாதகம் என மதிப்பிடும் பகுதி. 2020 இல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12 பதிப்பில், மதிப்பீட்டிற்குச் செயற்கை நரம்பணுப் பிணையம் சேர்க்கப்பட்டது. இதனால் தேடும் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பிணையத்தை மட்டும் மாற்றுவது எளிதாயிற்று.

விளம்பரமும் ஆட்ட வலுவும்

2021 பெப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது ஸ்டாக்ஃபிஷின் நிரலுடன், வேறாகப் பயிற்றுவிக்கப்பட்ட பெரிய பிணையம் ஒன்றை இணைத்தது. விளம்பரங்களில் புதுமையும் முதலிடமும் வலியுறுத்தப்பட்டன. இது பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷே என்றும், உரிமை கோரப்படும் புதுமை அதில் இல்லை என்றும் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் அறிக்கை வெளியிட்டனர்.

பொறிகளின் வலு பொதுவாக எலோ புள்ளிகளால் அளவிடப்படுகிறது. 100 புள்ளிகள் கூடுதலாக உள்ள பொறி ஏறத்தாழ 64 விழுக்காடு மதிப்பெண் பெறும் என எதிர்பார்க்கலாம். வேறுபாடு 10 புள்ளிகளாயின் அது 51 விழுக்காட்டை ஒட்டியே அமையும். இத்தகைய சிறு வேறுபாட்டை உறுதிசெய்ய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தேவை. கணினியின் வேகம், ஆட்ட நேரம், தொடக்க நகர்த்தல்கள் ஆகியவற்றுக்கேற்பவும் முடிவு மாறும். ஆகவே "முதலிடம்" என்னும் கூற்றை வாங்குபவர் வீட்டில் சரிபார்த்தல் அரிது.

வழக்கு

2021 சூலையில் ஸ்டாக்ஃபிஷ் நிரலாளர்கள், செஸ்பேசுக்கு வழங்கப்பட்டிருந்த உரிமத்தை முடிவுக்குக் கொண்டுவந்ததாகவும் வழக்குத் தொடுத்ததாகவும் அறிவித்தனர். ஃபேட் ஃபிரிட்ஸ் 2 மட்டுமன்றி, செஸ்பேஸ் விற்ற ஹூடினி 6 என்னும் பொறியிலும் ஸ்டாக்ஃபிஷின் நிரல் இருந்தது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. எந்தப் பொறி வலியது என்பதன்று வழக்கின் வினா. வாங்குபவருக்குத் தாம் பெற்றது எதுவெனத் தெரிவிக்கப்பட்டதா, உரிமத்தின் விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதே ஆகும்.

உடன்பாடு

உடன்பாட்டின்படி, ஸ்டாக்ஃபிஷ் நிரலைக் கொண்ட பொருட்களை ஓராண்டு காலம் விற்பதில்லை என செஸ்பேஸ் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் உரிமத்தை மீண்டும் பெறவும் வழி செய்யப்பட்டது. கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்கத் தனிப் பொறுப்பாளரை நியமிக்கவும் நிறுவனம் இசைந்தது.

முக்கியத்துவம்

கட்டற்ற மென்பொருளை விற்பது தவறன்று என்பதையும், அதன் மூலத்தை மறைப்பதே தவறு என்பதையும் இவ்வழக்கு தெளிவாக்கியது. ஸ்டாக்ஃபிஷ் தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் வளர்ந்தது. அவர்கள் தம் கணினிகளை இரவல் தந்து ஒவ்வொரு மாற்றத்தையும் பல்லாயிரம் ஆட்டங்களில் சோதித்தனர். அவ்வுழைப்புக்கு அவர்கள் கேட்ட ஈடு, உரிமத்தில் எழுதப்பட்டிருந்த விதிகள் மட்டுமே.